முத்தும் மூச்சும்: மன்னார் வளைகுடாவின் வரலாறு

அல்லாஹ் தன் திருமறையில் கடலைப் பல இடங்களில் நமக்கு நினைவூட்டுகிறான். சூரா அந்நஹ்லிலும் சூரா ஃபாத்திரிலும் கடல் தரும் உணவையும், அதிலிருந்து எடுத்து மனிதர் அணிந்துகொள்ளும் அணிகலன்களையும் எடுத்துரைத்து, அதற்கு நன்றியுடையோராக இருக்குமாறு உணர்த்துகிறான். சூரா அர்ரஹ்மானில் இரு கடல்கள் சந்திப்பதைக் கூறியதை அடுத்து முத்தும் பவளமும் பேசப்படுகின்றன. உலகெங்கும் உள்ள முஸ்லிம்கள் இவ்வசனங்களை ஓதுகிறார்கள். ஆனால், முத்தும் பவளமும் ஒருங்கே விளையும் கடலின் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டு அவற்றை ஓதும் பேறு மிகச் சில சமூகங்களுக்கே வாய்த்தது. காயல்பட்டினம், கீழக்கரை, வேதாளை, மண்டபம் ஆகிய இக்கரை ஊர்களும், மன்னார், சிலாவத்துறை, கற்பிட்டி, புத்தளம் ஆகிய அக்கரை ஊர்களும் அப்பேற்றைப் பெற்றவை. அவ்வூர்களுக்கு நடுவே விரிந்து கிடப்பது மன்னார் வளைகுடா.

இக்கடலின் அழகைப் பாடியோர் பலர். அதன் முத்தைப் புகழ்ந்தோர் அதனினும் பலர். ஆனால் அந்த முத்து எவருடைய மூச்சில் மேலே வந்தது, அதன் பயன் எவரைச் சேர்ந்தது என்ற கேள்வி அதிகம் கேட்கப்படுவதில்லை. இக்கட்டுரை அக்கேள்வியைக் கையில் ஏந்தியபடி இக்கடலின் வரலாற்றைப் பார்க்க முயல்கிறது.

கடலின் அமைப்பு

தமிழகத்தின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் வடமேற்குக் கரைக்கும் இடையே அமைந்தது மன்னார் வளைகுடா. அதன் வடக்கு எல்லையில் இராமேசுவரம் தீவையும் மன்னார்த் தீவையும் இணைப்பதுபோல் ஒரு மணல்திட்டு வரிசை நீண்டு செல்கிறது. அதை இராமர் பாலம் என்றும் ஆதம் பாலம் என்றும் மக்கள் அழைத்து வந்துள்ளனர். ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களின் பெயரோடு இலங்கை மலையையும் இத்திட்டையும் இணைத்துப் பேசும் மரபு, இவ்வழியே பயணம் செய்த முஸ்லிம் மாலுமிகளிடம் நெடுங்காலமாக இருந்தது.

இத்திட்டின் தெற்கே கடலின் அடித்தளம் ஒரே சீரானதன்று. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, மணலுக்கு நடுவே பாறைப் படுகைகள் ஆங்காங்கே காணப்படுகின்றன. கடலோர மக்கள் அவற்றைப் 'பார்' என்பர். முத்துச் சிப்பிகள் தம் நார்களால் பற்றிக்கொண்டு வளர்வது இப்பார்களில்தான். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. கரையில் உள்ள மரம், கோபுரம், பள்ளிவாசல் முதலிய அடையாளங்களைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அப்பார்களின் இருப்பிடத்தைக் கணித்துச் சொல்லும் திறன் கடலோடிகளுக்கு இருந்தது. ஏட்டில் எழுதப்படாமல் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறிய அறிவு அது.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 சிறு தீவுகள் தொடர்ச்சியாக அமைந்திருந்தன. குருசடைத் தீவு, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு எனப் பெயர் பெற்ற அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் பரவியுள்ளன. அக்கடற்புல்லை மேய்ந்து வாழ்வது 'ஆவுளியா' என்று நம் கடலோரத்தார் அழைக்கும் கடற்பசு.

கொற்கை முதல் காயல் வரை

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்திருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகமாகப் பழந்தமிழ் இலக்கியத்தில் புகழ் பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் வணிகக் கையேடும் அவ்வூரைக் குறிப்பிடுகிறது. அங்கு முத்துக் குளிக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது அந்நூல். முத்தின் வெண்மையைப் பற்றிய பழம் பெருமைகளுக்கு நடுவே இந்தச் சிறு குறிப்பு நம்மைச் சற்று நிறுத்திவைக்கிறது. மனமுவந்து எவரும் செய்யத் தயங்கிய வேலையாக அது அன்று கருதப்பட்டிருக்க வேண்டும்.

ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் பின்வாங்கியது. கொற்கை துறைமுகத் தகுதியை இழந்தது. அதன் இடத்தைக் காயல் பெற்றது. பின்னர் பழையகாயலும் கடலை விட்டு விலகியது. 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இவ்விரு இடங்களையும் ஆராய்ந்து எழுதியபோது, அவை கரையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த சிற்றூர்களாக மாறியிருந்தன.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயலைச் சிறப்பு மிக்க பெருநகரமாக வருணிக்கிறார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டன. கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய அரசில் உயர் பொறுப்பில் இருந்ததையும், காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் மேற்பார்வையில் இருந்ததையும் பாரசீக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். மேற்கிலிருந்து குதிரை வந்தது. கிழக்கிலிருந்து முத்து சென்றது. அரபு மொழியும் தமிழும் ஒரே துறையில் பேசப்பட்டன. மரக்கலத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் மரக்காயர் என்ற பெயரும், அரபுத் தமிழ் என்ற எழுத்து மரபும் வளர்ந்த சூழல் இதுவே.

அக்காலத்தில் முத்துக்குளிப்பு எவ்வாறு நடந்தது என்பதையும் மார்க்கோ போலோ விவரிக்கிறார். ஏப்ரல் தொடங்கி மே மாதத்தின் நடுப்பகுதி வரை வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து படகுகளைக் கொண்டுசெல்வர். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு. சுறா முதலிய கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட பெருமுத்துகளை நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல அரசர் தடை விதித்திருந்தார். ஆனால் அவற்றுக்கு இருமடங்கு விலை கொடுத்துத் தாமே வாங்கிக்கொண்டார். மூழ்கியவரோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர்.

இப்னு பதூதா கண்ட முத்துகள்

1344-ஆம் ஆண்டில் மாலத்தீவிலிருந்து புறப்பட்ட மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இலங்கையின் புத்தளத்தில் வந்து இறங்கினார். அப்பகுதி அப்போது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அரசர் பாரசீக மொழி அறிந்தவர். தம் ஆளுகைக்கு உட்பட்ட கடலிலிருந்து வந்த முத்துகளை ஏவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, இவற்றை ஒத்த முத்துகளை வேறெங்கேனும் கண்டதுண்டா என்று விருந்தினரிடம் வினவினார். பாரசீக வளைகுடாத் தீவுகளின் முத்துகளைத் தாம் கண்டிருப்பதாகவும், அவை இவற்றுக்கு ஈடாகா என்றும் இப்னு பதூதா பதிலளித்தார். மகிழ்ந்த அரசர் சில முத்துகளை அவருக்கே அளித்து, வேண்டியதைக் கேட்குமாறு கூறினார்.

முத்துக்குவியலுக்கு எதிரே நின்ற அந்தப் பயணி கேட்டது வேறு. ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவடு உள்ளதாகச் சொல்லப்பட்ட மலையைக் காண்பதே தம் நாட்டம் என்றார். அரசர் பல்லக்கும் ஆட்களும் தந்து அனுப்பிவைத்தார்.

மலையைக் கண்டு திரும்பிய பின்னர் இப்னு பதூதா மஅபர் எனப்பட்ட நம் கரையை நோக்கிக் கப்பலேறினார். அப்போது இக்கடல் தன் மற்றொரு முகத்தைக் காட்டியது. புயலில் சிக்கிய கப்பல் பாறைகளை நெருங்கி உடையும் நிலைக்கு வந்தது. உடன் வந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, தாம் கப்பலின் பின்புறத்தைப் பற்றியபடி விடியும் வரை காத்திருந்தார். கரையோர மக்கள் வந்து காப்பாற்றினர். பின்னர் மதுரை சுல்தான் கியாஸுத்தீனிடம் போய்ச் சேர்ந்தார். அரசரின் கொடையாக முத்தைப் பெற்ற அதே கடலில்தான், உயிர் எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும் அவர் கண்டார்.

யாருடைய கடல்?

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் இக்கடலில் நுழைந்தனர். முத்துப் பார்களின் மீதான உரிமை பற்றிப் பரவர் சமூகத்துக்கும் முஸ்லிம் வணிகருக்கும் இடையே ஏற்கெனவே பிணக்கு இருந்தது. 1530-களில் அது முற்றியபோது பரவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க மதத்தைத் தழுவினர். 1538-இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் நடந்த போரில், மலபாரிலிருந்து வந்திருந்த மரக்கார்களின் கப்பற்படையைப் போர்த்துகீசியர் முறியடித்தனர். அதன்பின் முத்துக்குளிப்புக் கரையில் அவர்களின் கை ஓங்கியது.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது ஒரு தரப்பை மட்டும் குறைகூறி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் பரவரும் முஸ்லிம்களும் ஒரே தமிழ் பேசி, ஒரே பாரில் மூழ்கி, ஒரே காற்றுக்குப் பாய் விரித்தவர்கள். அவர்களிடையே நீதியான பங்கீடு நிலைத்திருந்தால், மூன்றாமவர் நடுவராக வந்து உரிமையாளராக அமர்ந்திருக்க முடியுமா என்று எண்ணிப் பார்ப்பது நமக்கு நல்லது.

1658-இல் தூத்துக்குடியும் மன்னாரும் ஒல்லாந்தர் வசமாயின. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் முத்துக்குளிப்பில் உரிமைப் பங்குகள் இருந்தன. அப்பங்குகள் 'கல்' என்ற அளவால் கணக்கிடப்பட்டன. மூழ்குபவர் தம்மைக் கீழே இழுத்துச் செல்லப் பயன்படுத்திய கல்லே அந்த அளவு. இன்னாருக்கு இத்தனை கல் என்றால், அத்தனை கற்களில் மூழ்குவோர் எடுப்பது அவருக்குச் சேரும். மனிதனின் உழைப்பை அவன் காலில் கட்டிய கல்லைக் கொண்டு எண்ணிய கணக்கு அது.

அதே நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்தவர் வள்ளல் சீதக்காதி எனப்படும் ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயர். கடல் வணிகத்தால் வந்த செல்வத்தைப் புலவர்க்கும் வறியவர்க்கும் வாரி வழங்கியவர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவராகவும் அவர் நினைவுகூரப்படுகிறார். கடல் தந்ததைத் தன்னிடமே தேக்கிவைக்காமல் கைமாற்றிவிட்டவர் என்பதே அவருடைய புகழின் காரணம். இக்கரையின் அரசர்களுள் பலரின் பெயர் மக்கள் நாவில் இல்லை. அவர் பெயர் இருக்கிறது.

ஒரு மூச்சின் நேரம்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இலங்கைக் கரையைக் கைப்பற்றிய பின், முத்துக்குளிப்பு குறித்து விரிவான பதிவுகள் கிடைக்கின்றன. தமிழில் இதற்குச் சலாபம் என்றும் பெயர். பாலையாகக் கிடக்கும் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி மணல்வெளிகளில், சலாபம் அறிவிக்கப்பட்டதும் ஓலைக் குடிசைகளாலான ஒரு நகரம் சில நாட்களில் எழும். வணிகர், தரகர், தட்டார், உணவு விற்போர், வட்டிக்குக் கொடுப்போர், யாசகர் என ஆயிரக்கணக்கானோர் கூடுவர். தூத்துக்குடிப் பரவரும், கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் அங்கே ஒரே கடலில் மூழ்கினர்.

நள்ளிரவில் கரைக்காற்று எழும்போது படகுகள் புறப்படும். விடியலில் பாரை அடைந்து நங்கூரமிடும். படகுக்குத் தலைவர் தண்டேல். மூழ்குபவர் இருவருக்கு ஒரு கல். ஒருவர் கீழே சென்று வரும்போது மற்றவர் இளைப்பாறுவார். கல்லில் கால் பதித்து, மூச்சை இழுத்து நிறுத்தி, மூக்கைக் கையால் பற்றியபடி அவர் இறங்குவார். அரபியர் கொம்பினால் செய்த மூக்குக் கவ்வியைப் பயன்படுத்தினர். பல பாகம் ஆழத்தில் அடியைத் தொட்டதும் கல்லை விடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். மூழ்கியவர் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் நிரப்புவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம். கயிற்றை அசைத்ததும் பை மேலே செல்லும்; அவரும் எழும்புவார்.

இதை ஒரு நாளில் பலமுறை, வாரக்கணக்கில் அவர் செய்ய வேண்டும். காதிலும் மூக்கிலும் இரத்தம் கசிவது வழக்கமான ஒன்று. கயிறு பிடித்திருப்பவரின் கவனத்தில் மூழ்கியவரின் உயிர் இருந்தது. ஆதலால் அப்பொறுப்பை உறவினரிடமோ மிக நம்பிக்கைக்குரியவரிடமோதான் ஒப்படைப்பர். சுறாக்களைக் கட்டும் 'கடல்கட்டி'கள் கரையில் நின்று சடங்கு செய்யாவிட்டால் கடலில் இறங்க மறுத்தவர்களும் இருந்தனர். அதனால் ஆங்கிலேய அரசும் அக்கடல்கட்டிகளுக்கு ஊதியம் வழங்கியது. அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டி இறங்கிய முஸ்லிமுக்கும், தம் தம் நம்பிக்கையோடு இறங்கிய மற்றவருக்கும் அடியில் காத்திருந்த ஆபத்து ஒன்றே.

பிற்பகலில் கடற்காற்று வீசும்போது படகுகள் கரை திரும்பும். 'கொட்டு' எனப்பட்ட வேலியிட்ட வளாகத்தில் சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இலங்கை அரசின் முறைப்படி இரண்டு குவியல் அரசுக்கு; ஒன்று மட்டும் படகினருக்கும் மூழ்கியோருக்கும். உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு மூன்றில் ஒன்று. கடலைத் தன்னுடையது என்று அறிவித்தவருக்கு மூன்றில் இரண்டு.

மூடிய சிப்பியின் ஏலம்

மாலையில் ஏலம் நடக்கும். அரசின் பங்குச் சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக விலை கூறப்படும். ஏலத்தில் விற்கப்பட்டது முத்தன்று, திறக்கப்படாத சிப்பி. ஆயிரம் சிப்பியில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். அல்லது ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றும் ஓர் ஆணிமுத்து இருக்கலாம். வாங்கியவர் அவற்றைப் பல நாட்கள் அழுக விடுவார். அந்த நாற்றமும் ஈக்களும் சூழ்ந்த மணலில், சதை கழுவப்பட்டு முத்து பொறுக்கப்படும். பின்னர் துளை அளவு மாறுபட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, மஞ்சாடி எடையில் நிறுத்து, ஆணி, அணாதாரி, குறுவல், தூள் எனத் தரம் பிரிப்பர். வாந்திபேதி பரவி, குளிப்பு இடையிலேயே கைவிடப்பட்ட ஆண்டுகளும் உண்டு.

மார்க்கச் சட்ட நூல்களை அறிந்தவர்களுக்கு இந்த ஏலம் ஒரு பழைய கேள்வியை நினைவூட்டும். மூழ்குபவர் ஒருமுறை மூழ்கி எடுத்து வருவதை, அவர் எடுத்து வருமுன்பே விலை பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) வழியாக ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் அறிஞர்கள் கூறியுள்ளனர். ஆயினும், விற்கப்படுவது இன்னதென்று அறியாத வணிகம், அதாவது 'கரர்', கூடாது என்ற அடிப்படை வலுவான சான்றுகளால் நிலைபெற்றது. சிப்பிக்குள் இருக்கும் முத்தை விற்பது பற்றியும் ஃபிக்ஹு அறிஞர்கள் தனியே விவாதித்துள்ளனர்.

பாலைவனத்தில் அருளப்பட்ட மார்க்கம் கடலின் அடியில் மூச்சடக்கி நிற்கும் மனிதனைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அரேபியாவின் கிழக்குக் கரையும் முத்துக் கரையே. அங்கும் மூழ்குவோர் இருந்தனர்; முன்பணம் கொடுத்து அவர்களைக் கட்டிப்போட்டோரும் இருந்தனர். முன்கூட்டியே விலை பேசப்பட்ட மூழ்கலில், வெறுங்கையோடு எழுந்தால் வாங்கியவர் இழக்கிறார். பெருமுத்தோடு எழுந்தால் மூழ்கியவர் இழக்கிறார். எப்படியும் ஒருவரின் பொருளை மற்றவர் ஈடின்றிப் பெறுகிறார். கண்ணுக்குத் தெரிந்த பொருளுக்கு மனம் ஒப்பிய விலை என்ற எளிய நீதியை அச்சட்டம் காத்தது.

முத்தின் மீது ஸகாத் உண்டா என்ற விவாதமும் ஆரம்ப காலத்திலேயே எழுந்தது. கடலிலிருந்து கிடைக்கும் முத்துக்கும் அம்பருக்கும் ஐந்தில் ஒரு பங்கு செலுத்த வேண்டும் என்பது இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் கடலிலிருந்து எடுத்ததற்காக மட்டும் அதன் மீது கடமை இல்லை என்றனர். வணிகப் பொருளாகும்போது நாற்பதில் ஒன்று கடமையாகும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றிய நம் கடலோர வணிகர்கள் இச்சட்டத்தை அறிந்திருந்தனர். மூன்றில் இரண்டை எடுத்த அரசுகளின் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூழ்கியவர் கையிலிருந்து ஷரீஅத் எதையும் பறிக்கவில்லை. சேர்த்து வைத்துப் பெருக்கியவரிடமே ஏழையின் பங்கைக் கேட்டது.

பார் வெறுமையான ஆண்டுகள்

கடல் ஒவ்வோர் ஆண்டும் தரவில்லை. 11-ஆம் நூற்றாண்டிலேயே அல்பீரூனி, சரந்தீப் கடலில் முன்பிருந்த முத்துப்பார்கள் தம் காலத்தில் வெறுமையாகிவிட்டன என்றும், அம்முத்துகள் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள ஸுஃபாலாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக மக்கள் பேசிக்கொண்டனர் என்றும் எழுதியுள்ளார். ஆனால் 13, 14-ஆம் நூற்றாண்டுப் பயணிகள் வந்தபோது அதே கடல் நிறைந்திருந்தது. ஓய்வு கிடைத்தபோது அது மீண்டது.

இந்த ஓய்வைப் பொறுத்துக்கொள்ளாத காலமும் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1796 முதல் தொடர்ந்து குளிப்புகள் நடந்தன. மிகப் பெரிய வருவாய் கிடைத்தது. உடனே வீழ்ச்சி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையில் 1837-க்குப் பின்னும், 1891-க்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேற்பட்ட வெறுமை நிலவியது. 1903-இல் பார்கள் மறுபடியும் செழித்தன. 1905-இல் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அக்காட்சியில் மயங்கிய இலண்டன் முதலீட்டாளர்கள் ஒரு கம்பெனியை அமைத்து, 1906-இல் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். 1907-க்குப் பின் சிப்பி கிடைக்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனி கலைந்தது. ஒருவகையில் அது கடலின் மூழ்கலையே இருபது ஆண்டுகளுக்கு முன்கூட்டி வாங்கிய வணிகம்.

இந்தியக் கரையில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. திருக்கை மீன்கள் சிப்பிகளைத் தின்பது, மணல் வந்து பார்களை மூடுவது, நீரோட்டம் குஞ்சுச் சிப்பிகளை அடித்துச் செல்வது, மனிதர் அளவுக்கு மீறி எடுப்பது எனக் காரணங்கள் பல. இதற்கிடையே ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-இல் தொடங்கிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையை மாற்றிவிட்டது. தூத்துக்குடி ஆய்வு நிலையத்திலும் 1973-இல் வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. மூச்சடக்கி முத்தெடுக்கும் தொழில் முடிவுக்கு வந்தது. அதோடு, கரை அடையாளத்தால் பாரைக் கண்டறிந்த அந்த அறிவும் முதியோரோடு மறையத் தொடங்கியது.

நம் கையில் உள்ள அமானிதம்

முத்து ஓய்ந்த பின்னும் மனிதனின் கை ஓயவில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் அமிழ்ந்தன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்களும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உயரிய பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆயினும், 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீர் வெப்பமடைந்து பவளங்கள் வெளிறின. ஒரு காலத்தில் கூட்டமாக மேய்ந்த ஆவுளியா இன்று அரிதாகிவிட்டது.

நீரில் மனிதர் அனைவரும் பங்குதாரர் என்பது நபிமொழி நமக்குக் கற்பித்த பாடம். பங்கு என்பது எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டுமன்று; பிறருக்கு மிச்சம் வைக்கும் கடமையும் ஆகும். இக்கடலில் நமக்குப் பின் பிறக்கப்போகும் பிள்ளைகளும் பங்குதாரர்களே. சட்டம் தடுத்த கடல் அட்டையோ பவளமோ ஆவுளியாவின் இறைச்சியோ நம் வீட்டுக்கு வரும்போது, விலை கொடுத்துத்தானே வாங்கினோம் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. அதை விற்றவருக்கு அதன் மீது உரிமை இருந்ததா என்று கேட்பதும் ஹலாலைத் தேடுவதன் ஒரு பகுதியே. இரு கரைகளிலும் இன்று வலை வீசும் ஏழை மீனவரிடம் பேரம் பேசும்போதும், அவர் கடலில் கழித்த இரவை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

நம் இல்லங்களில் பாட்டியரிடமிருந்து வந்த முத்துச்சரம் ஒன்று பெட்டிக்குள் இருக்கக்கூடும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டும்போது அதன் விலையை மட்டும் சொல்லாதீர்கள். பெயர் தெரியாத ஒருவர் தம் மூச்சை அடக்கிக்கொண்டு இருளில் கை நீட்டியதால் அது வந்தது என்பதையும், கரையில் ஒருவர் அவருக்காகக் கயிற்றைப் பற்றியபடி விழித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடலை நமக்கு வசப்படுத்தித் தந்த வல்ல இறைவன், அதன் அருளை அளவோடு பெற்று, நீதியோடு பகிர்ந்து, நன்றியோடு வாழும் மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக! இக்கடலில் உழைத்து மறைந்த நம் முன்னோர்களுக்கு மறுமையில் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.